கூண்டு ஏறாத நாள்

"உங்க எழுத்துல எங்கயும் என் பேரப் போட்டுறாதிய சார்" என்று அவர் என்னிடம் ஒரு தடவை சொன்னார். அவர் சொன்ன வேறு எதையும் நான் கேட்கவில்லை. இதையாவது கேட்கிறேன். ஊருக்கு அவர் டைப் அக்கா. அறுபது வயது அண்ணாச்சிகள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அதனால் பெயர் இல்லாமல் எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவருடைய கடை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், சுவரில் மாதா படம், மேசைக் காலில் நூல் கட்டிய ஒரு நீலப் பேனா. வருகிறவன் எல்லாம் பேனாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான் என்பதற்காகக் கட்டியதுதான். ஆனால் அந்தப் பேனாவை அவரைத் தவிர யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும், மனுவோ கல்யாணப் பத்திரிகையோ கோவில் அறிக்கையோ, முதலில் அதை வாசிப்பார். வாசிக்கிறபோதே கை பேனாவைத் தேடும். ஒரு வட்டம் போடுவார். தலையைத் தூக்காமல் "தப்பா இருக்கு" என்பார். அவ்வளவுதான் அவர்.

இரும்புக் கடை அண்ணாச்சி ஒருவர் தன் அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வாசகம் அடிக்க வந்தார். நானும் அப்போது கடையில் இருந்தேன்.

"வயசு எழுபத்தஞ்சுன்னு போடுக்கா. பாக்க நல்லாருக்கும்."

"ரேஷன் கார்டுல என்ன போட்டிருக்கு?"

"அத யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன் அண்ணாச்சி."

"வீட்ல பொணம் கிடக்கு. நீ ரேஷன் கார்டு கேக்க."

"அவியளுக்குன்னு போடுத கடைசிப் பேனரு. அதுலயாவது அவிய வயசு இருக்கட்டும்."

அண்ணாச்சி திட்டிக்கொண்டே போய்க் கார்டை எடுத்துவந்தார். எழுபத்தொன்று. எழுபத்தொன்று என்றுதான் பேனர் நின்றது. செத்த மனுசனுக்கே நாலு வயசைக் குறைத்துவிட்டாள் என்று அவர் மார்க்கெட் முழுக்கச் சொல்லித் திரிந்தார். இரண்டு வருடம் கழித்து அம்மா இறந்தபோது ரேஷன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதே கடைக்குத்தான் வந்தார்.

எனக்கும் அந்தப் பேனாவின் அருமை தெரியும். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கிளார்க். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். கதையை எழுதுகிறது கையால், டைப் அடித்துத் தந்தது அவர், பன்னிரண்டு வருடம். என் மகள் கல்யாணப் பத்திரிகையில் தேதி ஒன்றும் கிழமை வேறொன்றுமாக இருந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான். வீட்டில் ஆறு பேர் பார்த்து "ஆகா, அருமை" என்று சொன்ன பத்திரிகை. அன்றைக்கு அவர் காலில் விழாத குறை. கதை என்று வந்தபோது மட்டும் எனக்குப் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது.

அந்தப் புயல் வந்தது. புயலின் பெயரும் வருடமும் எதற்கு, எங்கள் கரையில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். நாடே துக்கம் அனுசரித்தது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. டிவி வண்டிகள் கடற்கரைச் சாலையில் வரிசையாக நின்றன. ஒரு மாதத்தில் அவர்கள் போய்விட்டார்கள். அப்புறம் நாங்கள் வந்தோம். நாங்கள் என்றால் கலைஞர்கள்.

அக்காவுக்கு ஒரே தம்பி. ஊருக்கு வடக்கே தள்ளி இருக்கிற தருவைகுளத்தில் பெண் எடுத்து அங்கேயே இருந்துகொண்டான். பத்து நாள் பதினைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற போட்டில் வேலை. அந்தப் போட்டில் போன பதினோரு பேரில் நாலு பேருடைய உடல் வந்தது. தம்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் அடையாளப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அக்கா நேராகக் கடைக்கு வந்து, பக்கத்துத் தெருப் பையனின் சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் சொன்னார்கள். வேறு கரைகளில் உடல் ஒதுங்கியதாகப் போன் வரும்போதெல்லாம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "பத்தாம் நம்பர் ஜெர்சியா?" கடைசியாக அவன் போட்டிருந்தது பச்சை பெர்முடாவும் முதுகில் பத்து என்று எழுதிய நீல ஜெர்சியும். ஜெர்சி அக்கா கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது.

முதலில் ஓவியர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லக்கூடாது. சென்னையிலிருந்து ஆறு பேர். மீன்பிடித் துறைமுகத்தின் நீண்ட மதிலில் நினைவுச் சுவரோவியம் வரைய அனுமதி வாங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் அக்கா குடையோடு போய் நின்றார். துணைக்கு நானும் போனேன். சுவரில் கோவணம் கட்டிய ஒரு ஆள், வயிற்றில் ஆறு கட்டு, பாய்மரம் விரித்த கட்டுமரத்தில் நின்று அலையைப் பார்த்து மார்பை நிமிர்த்திக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் ஒரு முத்து.

"இது யாரு தம்பி?"

"மீனவர் அக்கா. இறந்துபோன எல்லாருக்குமான ஒரு குறியீடு."

"போனவங்க எல்லாரும் பெர்முடா போட்டிருந்தாங்க. போட்டு விசைப்போட்டு. பாயி கிடையாது. கையில என்ன முத்து?"

"முத்துக்குளித்துறை இல்லையா அக்கா, அதனால…"

"நான் பொறக்கதுக்கு முன்னயே முத்துக்குளிப்பு நின்னு போச்சு. கையில செல்போன குடுங்க. கடைசி வரைக்கும் அதத்தான் பிடிச்சிட்டு இருந்திருப்பான்."

அந்தப் பையன் உண்மையிலேயே யோசித்தான். நல்ல பாயிண்ட் அக்கா என்றான். முத்து அப்படியே இருந்தது. இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் ஆவணப்படக்காரர் ஒருவர். கணவனைப் பறிகொடுத்த பெண்கள் வரிசையாகக் கரையில் நிற்க, கடலில் சூரியன் மறைய வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கள் கடல் கிழக்கே பார்த்தது. இங்கே சூரியன் மறைவது உப்பளத்துப் பக்கம். அக்கா அதைச் சொன்னதும் மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. விடியற்காலையில் எடுத்து மாலை என்று காட்டிக்கொள்ளலாம், திரையில் வித்தியாசம் தெரியாது என்றார். பெண்களை விடியுமுன்னே வந்து அழச் சொன்னார்.

"ஆறு மணிக்கு எங்க தெருவுல குழாய்ல தண்ணி வரும் சார்" என்றார் அக்கா. "அந்த நேரத்துல யாரு வந்து அழுவா?"

ஆனாலும் நாலு பேர் போய் அழுதார்கள். கூப்பிட்டவரை ஏமாற்றக்கூடாது என்கிற மரியாதை எங்கள் பெண்களுக்கு உண்டு. அதில் ஒருத்தி வீட்டில் அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை. படம் வெளிநாட்டில் எங்கேயோ காட்டப்பட்டது.

ஒரு கவிஞர் வந்தார். கடலடியில் கிடக்கிற எங்கள் பிள்ளைகளை ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் கிடக்கிற மூதாதையரோடு சேர்த்து எழுதி, டைப் அடிக்கக் கொண்டுவந்தார். நான்தான் அக்காவிடம் அனுப்பியிருந்தேன். அக்கா முழுதும் அடித்து முடித்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. தாளை நீட்டும்போது மட்டும் சொன்னார். "அங்கன எலும்பாவது கிடைச்சிருக்கு சார்."

கவிஞர் அந்த வாக்கியத்தையும் குறித்துக்கொண்டார். அடுத்த கவிதைக்கு ஆகும் என்றார். இப்படிச் சிரித்துக்கொண்டே மற்றவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போவது எனக்குச் சுகமாக இருக்கிறது. என் முறை வருவதைத் தள்ளிப்போடுகிறேன், வேறென்ன.

நான் ஒரு கதை எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய கதைகளில் நல்ல கதை அதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். புயலில் தொலைந்த ஒரு மீனவன், அவன் அக்கா, வராத உடல். தொடக்கத்தில் அவன் போட்டில் ஏறிக் கிளம்புகிற காட்சி. புயல் வரப்போகிறது என்றால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள் இல்லையா, அதை வைத்து மூன்று வரி எழுதியிருந்தேன். 'துறைமுகத்தில் கூண்டு ஏறியிருப்பதைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். தாய் கோபித்துக்கொண்டால் பிள்ளை ஓடி ஒளிவானா என்றான்.' எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் கடைக்குப் போனேன். திரையில் அந்த இடம் வரைக்கும் அடித்து நிறுத்தியிருந்தார். என் கையெழுத்துத் தாளில் அந்த மூன்று வரியைச் சுற்றி நீல வட்டம்.

"தப்பா இருக்கு சார்."

"என்ன தப்பு?"

"தருவைகுளத்துல இருந்து பாத்தா கூண்டு தெரியாது. துறைமுகம் எங்க இருக்கு, அது எங்க இருக்கு. அதுபோக அவன் போனது திங்கக்கெழம வெடியக்காலம். கூண்டு ஏத்துனது புதங்கெழம சாயங்காலம். ஏறாத கூண்ட எப்படிப் பாத்துச் சிரிப்பான்?"

"அக்கா, இது உங்க தம்பி கதை இல்லக்கா. ஒரு மீனவனோட கதை."

"பத்தாம் நம்பர் ஜெர்சி போட்டிருக்கானே."

ஜெர்சியை அவரிடமிருந்துதான் எடுத்தேன். அது நல்ல விவரம். அதைப் போட்டதும் கதையில் உயிர் வந்துவிட்டது.

"அவன் சட்டையக் கழட்டி யாருக்கோ மாட்டி விட்டிருக்கிய. மாட்டிட்டுப் போங்க. அவன் தெரிஞ்சே போனான்னு மட்டும் எழுதாதிய. அவனுக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா போயிருக்க மாட்டான். பயந்தாங்கொள்ளி சார் அவன். இடி இடிச்சா எங்கூட வந்து படுத்துக்கிடுவான்."

நான் அவருக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தேன். கேளுங்கள் அந்த அநியாயத்தை. தம்பியைப் பறிகொடுத்தவளிடம் உட்கார்ந்து, கலையின் உண்மை வேறு, தகவலின் உண்மை வேறு என்றேன். பயந்தாங்கொள்ளியின் சாவு வாசகனைத் தொடாது, தெரிந்தே போகிறவன்தான் மனதில் நிற்பான் என்றேன். நீங்கள் சொல்கிறபடி எழுதினால் அது கதை இல்லை அக்கா, பேப்பர்ச் செய்தி என்றேன். அவர் பேனாவை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கீபோர்டுப் பக்கம் திரும்பினார். மழை பெய்வதுபோல டைப் அடிக்கிற கை அது. அந்த மூன்று வரிக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பிரிண்ட் எடுத்து, ஓரம் தட்டிச் சேர்த்து, ஸ்டேப்ளர் அடித்து என் கையில் கொடுத்தார்.

கதை வெளிவந்தது, பிறகு என் புத்தகத்திலும் சேர்ந்தது. பரிசு வாங்கியது. ஒரு கல்லூரியில் பாடமாக வைத்தார்கள், பிறகு இன்னும் இரண்டு கல்லூரியில். அந்த மூன்று வரியைத்தான் எல்லாரும் எடுத்துச் சொன்னார்கள். மதிலில் முத்தோடு நிற்கிறவனுக்குக் கீழே யாரோ அதைப் பெயிண்டில் எழுதியும் வைத்தார்கள்.

இதற்கிடையில் புயலைப் பற்றி ஓர் அரசாங்க அறிக்கை வந்தது. அதில் ஒரு வரி. தருவைகுளத்துப் படகுகள் 'எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றன.' அந்த ஒரு வரியை நீக்க வேண்டும் என்று பதினோரு குடும்பமும் மனுக் கொடுத்தது. மனுவை எழுதியது அக்கா. வேறு எதையும் கேட்கவில்லை. நிவாரணம் வந்தது வராதது இருக்கட்டும், எங்கள் ஆட்கள் கொழுப்பெடுத்துப் போய்ச் சாகவில்லை என்று எழுதுங்கள், அவ்வளவுதான். கடலுக்குப் போகும்போது கொடுக்கிற டோக்கனின் தேதி, தம்பி கிளம்பும்போது போனில் பேசிய நேரம், கூண்டு ஏற்றியதாகப் பேப்பரில் வந்த செய்தி, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி ஒரு பிழை இல்லாமல் அடித்திருந்தார்.

விசாரணைக்கு நானும் போனேன், ஆதரவுக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி மனுவைப் புரட்டினார். டோக்கன் தேதியை எல்லாம் முழுசாக நம்ப முடியாது என்றார். பிறகு பக்கத்தில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். என் புத்தகம்.

"உங்க ஊர் எழுத்தாளரே எழுதியிருக்காரேம்மா. உள்ளூர்க்காரர், உங்களோட பழகினவர். கூண்டைப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போனான்னு."

அந்த நிமிடம் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. இவ்வளவு பெரிய அதிகாரி என் கதையைப் படித்திருக்கிறாரே என்று ஒரு பூரிப்பு வந்தது. வந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. வெட்கம் அதற்கு அடுத்துத்தான். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்து, ஐயா அது என் கற்பனை, அந்த இடத்திலிருந்து கூண்டே தெரியாது என்று சொல்வேன் என்று பார்த்தார். ஒரு வாக்கியம். எழுந்திருக்கப் போனேன். போட்டோக்காரர்கள் இருந்தார்கள், என் கதையைப் பாடம் நடத்துகிற கல்லூரி நண்பர்கள் இருந்தார்கள். கதையில் பொய் சொன்னவன் என்று பேப்பரில் வருமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

"அது கதை சார்" என்றார் அக்கா.

"கதைன்னாலும் ஒண்ணும் இல்லாமலா எழுதுவாங்க?"

"அந்த வரிய நான்தான் டைப் அடிச்சேன் சார். தப்புன்னு தெரிஞ்சே அடிச்சேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். அறிக்கையில் அந்த வரி அப்படியே இருந்தது. அக்கா என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் ஏதோ ஒரு படிவத்துக்காகக் கடைக்குப் போனேன். வாசித்து, என் வீட்டு பின்கோடில் ஒரு எண் தப்பு என்று வட்டம் போட்டுக் கொடுத்தார்.

கல்லூரிகளுக்குக் கடிதம் போட்டேன், அந்த மூன்று வரியை எடுத்துவிடுங்கள் என்று. ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது. படைப்பாளியின் அடக்கத்தைப் பாராட்டியிருந்தார்கள்.

மறு வருடம் நினைவுநாள் கூட்டம் மதிலுக்கு முன்னால் பந்தல் போட்டு நடந்தது. நான் கதை வாசிக்க வேண்டும். முதல் நாள் கடைக்குப் போய், "நாளைக்கு அந்த வரிய வாசிக்க மாட்டேன் அக்கா. எல்லார் முன்னாலயும் விட்டுட்டுத்தான் வாசிப்பேன். நீங்க வரணும்" என்றேன்.

"அது தப்புன்னு சொல்லுவியளா, சும்மா விட்டுட்டுப் போவியளா?"

"வாங்கக்கா."

வந்தார். பந்தலில் உட்காரவில்லை. மதில் ஓரம், முத்து பிடித்தவனுக்குக் கீழே, குடையை மடக்கிக்கொண்டு நின்றார். முன் வரிசை முழுக்கக் கல்லூரிப் பெண்கள், மடியில் பாடப்புத்தகம். நான் வாசித்தேன். போட் கிளம்பியது. அந்த மூன்று வரியைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனேன். தப்பு என்று சொல்லவில்லை. சும்மா விட்டுவிட்டுத்தான் போனேன்.

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், மூணு வரி விட்டுட்டீங்க."

பந்தலில் சிரிப்பு. நான் பக்கத்தைப் புரட்டினேன். அவள் எனக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்து எடுத்துக்கொடுத்தாள். "துறைமுகத்தில் கூண்டு ஏறியிருப்பதைத் திரும்பிப் பார்த்தான்." அடுத்ததைப் பக்கத்தில் இருந்தவளும் சேர்ந்து சொன்னாள். கடைசி வரியை வரிசை முழுக்கச் சொன்னது. இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்று பரீட்சையில் கேட்கிற வரி, எல்லாருக்கும் மனப்பாடம். பந்தலே கைதட்டியது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கூட்டம் கலைகிறபோது அந்தப் பெண்ணை அவளுடைய பேராசிரியை கடிந்துகொண்டார், பெரியவர் வாசிக்கும்போது எழுந்து பேசலாமா என்று. அவள் மதில் ஓரம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் மேடையிலிருந்து இறங்கி அக்காவைப் பார்க்க அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலயே ஆன்ட்டி" என்று அவள் அக்காவிடம் புத்தகத்தை நீட்டினாள். "நீங்களே பாருங்க."

அக்கா வாங்கி வாசித்தார். அவர் கை தன் பையை நோக்கிப் போனதைப் பார்த்தேன். உள்ளே பேனா உண்டு என்று எனக்குத் தெரியும். கை பாதியில் நின்றது. புத்தகத்தை மூடிப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு."

பன்னிரண்டு வருடத்தில் ஒரு தப்பை அவர் சரி என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். குடையை விரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அந்த வருடமே கடையைக் காலி செய்துவிட்டு மும்பையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. இந்தக் கட்டுரையை அதே சாலையில் வேறொரு கடையில் கொடுத்துத்தான் டைப் அடித்து வாங்கினேன். அடித்த பையன் எதுவும் கேட்கவில்லை.